‘வெறும் 9 டைமண்ட்’ சக்கரத்தின் நிஜ விலை

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் போனில் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுகிறான். அதில் ஒரு உடை வேண்டுமென்றால் சக்கரம் சுற்ற வேண்டுமாம். முதல் சுற்று வெறும் 9 டைமண்ட் (கேமுக்குள் செல்லும் காசு) என்றான். 800 ரூபாய் கட்டி 1,060 டைமண்ட் போட்டுக் கொடுத்தேன். ஏழு சுற்று போயும் உடை வரவில்லை. எட்டாவது சுற்றுக்கு 499 வேண்டும், கையில் 477தான் இருக்கிறது, இன்னொரு 80 ரூபாய் பேக் போடுங்கள் என்று நச்சரிக்கிறான். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மொபைல் கடையில் பாதி விலைக்கு டைமண்ட் ஏற்றித் தருகிறார்களாம். அங்கே போடலாமா? இந்த உடையின் விலையை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழியே கிடையாதா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: மொபைல் கடையில் போடாதீர்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். விலையை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அதற்கு ஒரு காகிதமும் கூட்டல் கணக்கும் போதும்.

உங்கள் மகன் சுற்றிய சக்கரத்தில் எட்டுப் பொருள்கள் இருக்கும். ஒருமுறை விழுந்த பொருள் மறுபடி விழாது. ஆனால் சுற்றுக்குச் சுற்று கட்டணம் ஏறும். இந்த வகையில் அடிக்கடி வரும் வரிசை 9, 19, 39, 69, 99, 149, 199, 499. எட்டையும் கூட்டினால் 1,082. முதல் ஏழு சுற்றுக்கு 583. நீங்கள் போட்ட 1,060இல் அது போக மிச்சம் 477. பையன் சொன்ன கணக்கு சரிதான், ஏமாற்றவில்லை.

இப்போது பேக்கைப் பாருங்கள். சக்கரத்துக்கு வேண்டியது 1,082, பேக்கில் இருப்பது 1,060. இருபத்திரண்டு குறைகிறது. 400 ரூபாய்க்கு 520 என்று வரும் பேக்கை இரண்டு முறை போட்டாலும் 1,040தான். 80 ரூபாய்க்கு 100 என்று வரும் பேக்கைப் பதினொரு முறை வாங்கினால் 1,100. எந்த வழியில் போனாலும் 880 ரூபாயில்தான் வந்து நிற்கும். ஆக, அந்த உடையின் விலை 9 டைமண்டும் இல்லை, 800 ரூபாயும் இல்லை. 880 ரூபாய். கேம் கடையின் எந்தத் திரையிலும் இந்த எண் இருக்காது.

“அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டாவது சுற்றிலேயே வந்துவிடுமே” என்பான். சக்கரத்தின் மூலையில் கேள்விக்குறியோ ‘ஐ’ எழுத்தோ போட்ட ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதைத் தட்டினால் எந்தப் பொருளுக்கு எத்தனை சதவீதம் என்ற பட்டியல் திறக்கும். ஆப்பிள் 2017 டிசம்பரிலிருந்தும், கூகுள் ப்ளே 2019இலிருந்தும் இந்தப் பட்டியலைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. அதில் உடைக்கு 1 சதவீதம் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். மீதி 99ஐ மற்ற ஏழு பொருள்களும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. பொருள் குறையக் குறைய உடையின் வாய்ப்பு கொஞ்சம் கூடும், உண்மைதான். அப்படியும் நூறு பேர் ஆடினால் சுமார் 84 பேர் கடைசிச் சுற்றுவரை போய்த்தான் உடையை எடுப்பார்கள். மொத்தக் கட்டணத்தில் 698 டைமண்ட், அதாவது கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு, கடைசி இரண்டு சுற்றில்தான் இருக்கிறது. முதல் ஆறு சுற்றும் மலிவாகத் தெரிவது அதற்காகத்தான். பெயர்தான் சக்கரம். நடப்பது விலையைத் தவணையில் சொல்லும் வியாபாரம்.

அதனால் இனி எந்தச் சக்கரத்தைப் பார்த்தாலும் முதல் சுற்றின் எண்ணைப் பார்க்காதீர்கள். கடைசிச் சுற்றுவரை கூட்டி, அதற்கு எந்தப் பேக் எத்தனை வேண்டும் என்று ரூபாயில் எழுதி, “இந்த உடைக்கு 880 ரூபாய் கொடுப்போமா?” என்று அவனையே கேளுங்கள். அவ்வளவு கொடுக்கலாம் என்று தோன்றினால் மட்டும் முதல் சுற்று.

இது பொருள் திரும்ப விழாத சக்கரத்துக்கான கணக்கு. விழுந்த பொருளே மறுபடி மறுபடி விழும் வகையும் உண்டு. அதில் உச்ச விலை என்பதே கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் 1 சதவீத வாய்ப்பு என்றால் நூறு சுற்று முடித்த நூறு பேரில் 36 அல்லது 37 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். “நூறு சுற்றினால் நிச்சயம்” என்பது பையன்களின் நம்பிக்கை, கணக்கு அப்படிச் சொல்லவில்லை. இத்தனை சுற்றுக்குள் உறுதியாகத் தருவோம் என்று விதிமுறைப் பக்கத்தில் எழுத்தில் இருந்தால் ஒழிய அந்த வகையைத் தொடவே தொடாதீர்கள். போட்டிருக்கும் சதவீதத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது. வாய்ப்பைக் குறைத்துவிட்டு ஆடுபவர்களிடம் சொல்லவில்லை என்று தென் கொரியாவில் நெக்ஸான் என்ற கேம் நிறுவனத்துக்கு 2024 ஜனவரியில் சுமார் 1,160 கோடி வொன் அபராதம் விழுந்தது.

அந்த 80 ரூபாயைப் போடலாமா? போன 583 போனதுதான், அதை மறந்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். கையிலுள்ள 477இன் மதிப்பு சுமார் 360 ரூபாய். அதோடு 80 சேர்த்தால் உடை உறுதி, 78 டைமண்ட் மிஞ்சும். பொருள் திரும்ப விழாது என்ற விதியையும் சக்கரம் முடியும் தேதியையும் நீங்களே படித்துப் பார்த்துவிட்டுப் போடுவதில் தவறில்லை. ஆனால் அந்த மிச்சம் 78இல் ஒரு கண் இருக்கட்டும். அடுத்த சக்கரத்தின் முதல் மூன்று சுற்றுக்கு 67தான். அதாவது அடுத்ததைத் தொடங்கத் தேவையான சில்லறை அவன் கையில் ஏற்கெனவே இருக்கும். “இன்னும் 2 நாள்தான்” என்ற கடிகாரமும் ஓடும். அதற்கும் மசியாதீர்கள், போன பல உடைகள் வேறு பெயரில் வேறு சக்கரத்தில் திரும்ப வருகின்றன. 1,499ஐ அடித்துவிட்டு 749 என்று போடுவதும் இதே ரகம். 1,499க்கு அது என்றைக்காவது விற்றதா என்று யார் பார்த்தார்கள்?

இனி மொபைல் கடை. கேம் கம்பெனி 800 ரூபாய்க்கு விற்பதை ஒருவர் 400க்குத் தருகிறார் என்றால் மீதி 400ஐ யாரோ இழக்கிறார்கள். ஒன்று, திருடிய கார்டில் வாங்கி உங்கள் ஐடிக்கு ஏற்றுவார்கள். கார்டுக்காரர் வங்கியில் புகார் செய்ததும் பணம் திரும்பிப் போகும், டைமண்டும் திரும்பப் பிடிக்கப்படும். அதற்குள் செலவழித்திருந்தால் இருப்பு மைனஸில் போகும், ஐடியே முடங்கலாம். கடைக்காரருக்கு அதற்குள் உங்கள் காசு வந்துவிட்டது. இரண்டு, வாங்கியவரே பிறகு ரீஃபண்ட் கேட்டு எடுத்துக்கொள்வார். பாதிப்பு அதேதான். மூன்றாவதுதான் மோசம்: “லாகின் கொடுங்க, உள்ளே போய் ஏற்றித் தர்றேன்” என்பார்கள். ஐடி, பாஸ்வேர்டு, போனுக்கு வரும் ஓடிபி மூன்றும் கைமாறினால் இரண்டு வருடம் சேர்த்த உடையெல்லாம் சேர்த்து அந்தக் கணக்கே விலை போய்விடும். டெலிகிராமிலும் இன்ஸ்டாகிராமிலும் ‘டீலர்’ என்று உட்கார்ந்திருப்பவர்களும் இதே ஆட்கள்தான். முதல் தடவை 100 டைமண்டை ஒழுங்காக ஏற்றிக் காட்டுவார்கள், 2,000 ரூபாய் ஆர்டர் வரும்போது பிளாக் செய்வார்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு, இதில்தான் பலர் குழம்புகிறார்கள். ப்ளே ஸ்டோருக்கு வெளியே வாங்குவதெல்லாம் மோசடி அல்ல. ஸ்டோருக்குக் கமிஷன் போகிறது என்பதால் சில கேம் கம்பெனிகள் சொந்த டாப்-அப் இணையதளம் வைத்து, அதே விலைக்குக் கொஞ்சம் கூடுதல் டைமண்ட் தருகின்றன. அது முறையான வழி. ஆனால் அந்தத் தளத்தைக் கூகுளில் தேடிப் போகக் கூடாது. தேடினால் மேலே வருவது விளம்பரம், அதில் போலியும் இருக்கும். கேமுக்குள் இருக்கும் அறிவிப்பில் உள்ள இணைப்பு வழியாகவே போங்கள். அங்கே கேட்பது ஆட்டக்காரரின் எண் ஐடி மட்டும்தான். எண்ணைப் போட்டதும் கேமில் உங்கள் மகன் வைத்திருக்கும் பெயர் திரையில் தெரிய வேண்டும். பாஸ்வேர்டு கேட்டால் வெளியே வந்துவிடுங்கள். யூபிஐயில் பணம் கட்டும்போது பெறுபவராக ஒரு நிறுவனத்தின் பெயர் வரும். முருகனோ செல்வமோ வந்தால் அது கம்பெனி இல்லை. கூடுதலும் ஓரளவுதான் இருக்கும், பாதி விலை என்று எந்தக் கம்பெனியும் கொடுக்காது. வாங்கியதும் ரசீது மெயிலில் வர வேண்டும். இத்தனையும் பொருந்தினால் தாராளமாக வாங்கலாம், ஒன்று இடறினாலும் வேண்டாம்.

சுற்றி முடித்த டைமண்டுக்குப் பணம் திரும்புவது கடினம். ப்ளே ஸ்டோரில் வாங்கி 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுளிடம் ரீஃபண்ட் கேட்டுப் பார்க்கலாம். அதற்குப் பிறகு கேம் கம்பெனியிடம்தான் போக வேண்டும். நீங்களே கட்டிய பணத்தை ‘பையன் தெரியாமல் வாங்கிவிட்டான்’ என்று எழுதாதீர்கள், நிற்காது.

இனிமேலுக்கு ஒரு ஏற்பாடு. ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில் ‘பர்ச்சேஸ் வெரிஃபிகேஷன்’ என்பதை ஒவ்வொரு முறையும் கேட்கும்படி வையுங்கள். அங்கே ‘பட்ஜெட்’ என்று ஒன்று இருக்கிறது, அதை நம்பி இருக்காதீர்கள். அது எச்சரிக்கும், தடுக்காது. கார்டையும் யூபிஐயையும் அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, மாதத்துக்கு இவ்வளவு என்று கூகுள் ப்ளே கிஃப்ட் கோடு போட்டுக் கொடுப்பதுதான் உருப்படியான பூட்டு.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் அதிகபட்ச விலை அச்சிட்டிருக்க வேண்டும், ஒரு கிராம் என்ன விலை என்பதுகூட வந்துவிட்டது. 880 ரூபாய் உடைக்கு ரூபாயில் விலை போடச் சொல்ல ஆளில்லை. 2025 ஆன்லைன் கேமிங் சட்டம் பணம் வைத்து ஆடி பணம் எடுக்கும் ஆட்டங்களைத் தடை செய்தது. கேமில் உடை வாங்குவது அந்தத் தடையில் வராது. 2023 நவம்பரில் மத்திய அரசு பட்டியலிட்ட 13 ஏமாற்று வடிவங்களில் போலி அவசரமும், விலையைத் துளித்துளியாக வெளிவிடுவதும் இருக்கின்றன. என் பார்வையில் இந்தச் சக்கரம் அந்த இரண்டாவதேதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள் 2025 மார்ச்சில் கேம் பொருளின் விலையை நிஜப் பணத்தில் தெளிவாகக் காட்ட வேண்டும், தேவைக்கு மேல் கேம் காசு வாங்கவைக்கும் பேக் முறை கூடாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டன. இங்கே நாம் இன்னும் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

புகார் செய்ய நினைத்தால் முதலில் கேம் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு. 48 மணி நேரத்தில் வருவது பெரும்பாலும் இயந்திரம் அனுப்பும் பதிலாகத்தான் இருக்கும், அதையும் பத்திரப்படுத்துங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான்கு ஸ்கிரீன்ஷாட் தேவைப்படும்: சக்கரத்தின் கட்டண வரிசை, வாய்ப்புப் பட்டியல், டைமண்ட் பேக்குகளின் விலை, நீங்கள் பணம் கட்டிய ரசீது. சக்கரம் முடிந்த பிறகு முதல் இரண்டும் கேமிலிருந்து மறைந்துவிடும். அதனால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.