குதிரைப் பந்தயத்துக்குக் குடும்பத்தோடு: இங்கிலாந்தில் முதல் தடவை போகிறவர்களின் கேள்விகள்

கோடை தொடங்கிவிட்டால் இங்கே இருக்கும் நம்மவர்கள் யாராவது ஒருவர் தவறாமல் கேட்டுவிடுவார்கள்: "பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ரேஸ் பார்க்கப் போகலாமா?" நான் ரேஸ்காரன் இல்லை. குதிரை வைத்திருந்ததும் இல்லை, பந்தயத்தில் காசு பார்த்ததும் இல்லை. பதினைந்து வருடமாக, வருடத்துக்கு நாலைந்து தடவை பிள்ளைகளோடு போய் வருகிறவன், அவ்வளவுதான். வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

ரெடிங்கிலிருந்து ஒரு தங்கை: அண்ணா, எட்டு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள். உள்ளே விடுவார்களா? ரேஸ் என்றாலே குடியும் சூதும்தான் என்று மாமியார் பயப்படுகிறார்.

தாராளமாக விடுவார்கள். பெரும்பாலான மைதானங்களில், பெரியவர்களோடு வரும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டிக்கெட்டே கிடையாது. தள்ளுவண்டியும் கொண்டுபோகலாம். கோடை ஞாயிறுகளில் பல இடங்களில் 'ஃபேமிலி டே' வைப்பார்கள். முகத்தில் புலி வரைவது, காற்றடைத்த கோட்டையில் குதிப்பது, குட்டிக் குதிரைச் சவாரி எல்லாம் இருக்கும்.

உங்கள் மாமியார் பயப்படுவதும் முழுக்கத் தப்பில்லை. சனிக்கிழமை சாயங்காலம், அதுவும் ரேஸ் முடிந்ததும் பாட்டுக் கச்சேரி வைத்திருக்கும் நாளாக இருந்தால், ஆறு மணிக்கு மேல் புல்தரையெல்லாம் பிளாஸ்டிக் கோப்பைதான். அந்த நாளைத் தவிர்த்துவிட்டு ஞாயிறு மதியம் போங்கள். அதே மைதானம் வேறு ஊர் மாதிரி இருக்கும்.

மில்டன் கீன்ஸ் தம்பி: போவதே போகிறோம், ராயல் அஸ்காட் அல்லது எப்ஸம் டெர்பிக்கே போனால் என்ன?

கோயிலை முதன்முதலாகப் பார்க்கத் தேர்த் திருவிழா அன்று போகிற மாதிரி இருக்கும், தம்பி. டெர்பி 1780-லிருந்து நடக்கிறது. 1913-இல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய எமிலி டேவிசன் அரசரின் குதிரைக்கு முன்னால் போய் அடிபட்டு இறந்ததும் அதே எப்ஸமில்தான். பார்க்க வேண்டிய இடம், மறுக்கவில்லை. ஆனால் முதல் தடவை கைக்குழந்தையோடு போனால் கூட்டத்தின் முதுகைத்தான் பார்ப்பீர்கள்.

பிரிட்டனில் ஏறத்தாழ 60 ரேஸ் மைதானங்கள் இருக்கின்றன. உங்கள் பக்கத்தில் எது இருக்கிறதோ, அங்கே ஒரு சாதாரண நாளில் போங்கள். நியூபரி மைதானத்துக்கென்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. கார் இல்லாதவர்களுக்கு அது வசதி. டிக்கெட் போடும்போது 'ஃபிளாட்' ரேஸா 'ஜம்ப்' ரேஸா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிளாட் என்றால் தடை எதுவும் இல்லாத வெறும் ஓட்டம். ஜம்ப் என்றால் வேலி தாண்டுவது. பிள்ளைகளோடு முதல் தடவை என்றால் ஃபிளாட். ஏன் என்று கீழே வேறொரு கேள்வியில் சொல்கிறேன்.

லெஸ்டர் அக்கா: ஒரு ரேஸ் ஒரு நிமிடம்தானாமே! அதற்கா அரை நாள் போய் உட்காருவது?

அக்கா, எல்லாரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். நானும் முதல் தடவை ஏமாந்தேன். ஒரு நாளைக்கு ஆறேழு ரேஸ், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே அரை மணிக்கு மேல் இடைவெளி. ஐந்து பர்லாங் ஓட்டம் என்றால் சுமார் ஒரு கிலோமீட்டர். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். (நம் தாத்தா காலத்துப் பர்லாங்கேதான். எட்டு பர்லாங் ஒரு மைல். இந்த நாட்டில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.) கம்பி வேலி ஓரத்தில் நிற்கிறவருக்கு அந்த ஒரு நிமிடம்கூட இல்லை. மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வந்து, மூன்று நாலு விநாடியில் கடந்து போய்விடும்.

அந்த அரை மணி இடைவெளியில்தான் விஷயமே இருக்கிறது. ரேஸ் முடிந்ததும் எல்லாரும் பீர் வாங்க ஓடுவார்கள். நீங்கள் 'பரேடு ரிங்'குக்கு நடங்கள். அடுத்த ரேஸில் ஓடப்போகிற குதிரைகளை லாயத்து ஊழியர்கள் கையில் பிடித்துக்கொண்டு அங்கே வட்டமாக நடத்துவார்கள். கைப்பிடி வேலிக்கு வெளியே நின்றால் இரண்டு மூன்று கை தூரத்தில் குதிரை போகும். தோலுக்கு அடியில் நரம்பு ஓடுவது தெரியும். பிடரி மயிரைச் சின்னச் சின்னக் கொண்டையாகப் பின்னியிருப்பார்கள். பின்பக்கத்து ரோமத்தைச் சீப்பால் எதிர்த்திசையில் சீவிச் சதுரங்கக் கட்டம் போட்டிருப்பார்கள். வெயில் பட்டால் பட்டுப் புடவையின் கட்டம் மாதிரி மின்னும். சில குதிரைகளுக்குக் கழுத்தில், கடிவாள வார் உரசும் இடத்தில், வெள்ளையாக நுரை தள்ளியிருக்கும். "சோப்புப் போட்டுட்டுக் கழுவாம கூட்டிட்டு வந்துட்டாங்களாப்பா?" என்று என் மகள் கேட்டாள். அது வியர்வை. பதற்றத்தில் இருக்கும் குதிரைக்கு அப்படி நுரைக்கும்.

பல ரேஸ்களில் அங்கேயே ஒரு சின்னப் பரிசும் உண்டு. நன்றாக அலங்கரித்துக் கூட்டிவந்த குதிரை எது என்று பார்த்து, அதைக் கவனித்துக்கொள்கிற லாயத்து ஊழியருக்குக் கொடுப்பது. 'பெஸ்ட் டர்ன்ட் அவுட்' என்பார்கள். எங்கள் வீட்டுப் பந்தயமே அதுதான். காசு கிடையாது. யார் சொன்ன குதிரைக்கு அந்தப் பரிசு கிடைக்கிறதோ அவருக்கு ஐஸ்கிரீம். ஓட்டத்தைவிட இதற்குத்தான் பிள்ளைகள் அதிகம் கத்துவார்கள்.

அப்புறம் மணி அடிக்கும், ஜாக்கிகள் ஏறுவார்கள், நீங்கள் ஓட்டப் பாதைக்குப் போங்கள். முடிவுக் கோட்டுக்கு நேரே நிற்க வேண்டாம், அங்கே கூட்டம். கொஞ்சம் முன்னால் கம்பியை ஒட்டி நில்லுங்கள். குதிரைகள் நெருங்கும்போது முதலில் தெரிவது காலுக்கடியில், செருப்பு வழியாக. சத்தம் அதற்குப் பிறகுதான். தூரத்தில் நடப்பது பெரிய திரையில் தெரியும்.

ஓட்டம் முடிந்ததும் ஜெயித்தவர் வந்து நிற்கும் இடத்துக்கு ஒரு நடை. வாளி வாளியாகக் குதிரை மேல் தண்ணீர் ஊற்றுவார்கள், உடம்பிலிருந்து ஆவி பறக்கும். அங்கிருந்து மறுபடி பரேடு ரிங். இப்படிச் சுற்றினால் அரை நாள் போவதே தெரியாது. கால்தான் வலிக்கும்.

அதே அக்கா: புடவையில் வரலாமா? தொப்பி கட்டாயமா?

சாதாரண நாளில் தொப்பி யாரும் கேட்கமாட்டார்கள். உடை விதி மிகக் கடுமையான ராயல் அஸ்காட்டின் 'ராயல் என்குளோஷர்' பகுதியில்கூட, வெளிநாட்டு விருந்தினர் தங்கள் நாட்டு உடையில் வரலாம் என்றே விதி இருக்கிறது. புடவைக்குப் பிரச்சினை இல்லை, செருப்புக்குத்தான் பிரச்சினை. குதிகால் உயர்ந்த செருப்பு புல்லில் புதையும். தட்டையாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஹாரோவிலிருந்து ஒருவர்: சாப்பாட்டுக்கு என்ன வழி? நாங்கள் சைவம்.

உள்ளே பர்கர், சிப்ஸ், மீன், பீட்சா. சைவத்துக்குப் பெரும்பாலும் சிப்ஸும் பீட்சாவும்தான், விலையும் கடிக்கும். பல மைதானங்களில் குறைந்த விலைப் பகுதிக்குள் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாம். கண்ணாடி பாட்டிலும் மதுவும் கூடாது. அந்தந்த மைதானத்தின் விதியை முதல் நாளே பார்த்துவிடுங்கள். எங்களுக்கு எப்போதும் புளிச்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும்தான். பக்கத்து விரிப்பில் இருக்கும் வெள்ளைக்காரர் மோப்பம் பிடித்து ஒரு கரண்டி கேட்பார், கூடுதலாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்லவ் தம்பி: பெட் கட்டுவது எப்படி அண்ணா? போர்டில் 4/1, 11/2 என்று கணக்குப் பாடம் மாதிரி இருக்கிறதே.

4/1 என்றால் ஒரு பவுண்டு கட்டினால் நாலு பவுண்டு லாபம். ஐந்து கட்டி ஜெயித்தால் லாபம் இருபது, போட்ட ஐந்தும் திரும்பி வரும், கையில் இருபத்தைந்து. 11/2 என்றால் இரண்டுக்குப் பதினொன்று. வலப்பக்க எண் பெரிதாக இருந்தால், உதாரணமாக 4/6, எல்லாரும் அதுதான் ஜெயிக்கும் என்று நினைக்கிற குதிரை; ஆறு கட்டினால் நாலுதான் லாபம்.

கட்ட இரண்டு இடம். குடையும் பலகையுமாக வரிசையாக நின்று பெட் வாங்குகிறவர்கள் புக்கிகள். நீங்கள் கட்டும் நேரத்தில் அவர் பலகையில் இருக்கும் விலை, அதாவது அந்த 4/1 மாதிரி எண், உங்களுக்கு. ஆளுக்கு ஆள் விலை கொஞ்சம் மாறும் என்பதால், காய்கறிக் கடை மாதிரி இரண்டு மூன்று பேரிடம் பார்த்துவிட்டுக் கட்டலாம். இன்னொன்று டோட் கவுன்டர். அங்கே எல்லாரும் கட்டிய பணத்தை ஒன்றாகப் போட்டு, தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஜெயித்தவர்களுக்குப் பிரிப்பார்கள். சின்னத் தொகைக்கு அதுதான் கூச்சமில்லாத இடம்.

'ஈச் வே' என்று கேட்டால் ஜாக்கிரதை. அது இரண்டு பெட்: ஒன்று ஜெயிப்பதற்கு, ஒன்று முதல் சில இடங்களுக்குள் வருவதற்கு. "டூ பவுண்ட் ஈச் வே" என்றால் நாலு பவுண்டு போகும்.

இப்போது என் கதை. இரண்டாவதோ மூன்றாவதோ தடவை போனபோது 9/1 குதிரை ஒன்றின் மேல் இரண்டு பவுண்டு கட்டினேன். இரண்டாவதாக வந்தது. சீட்டைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு டீ வாங்கப் போனேன். டீ கைக்கு வருவதற்குள் ஒலிபெருக்கியில் அறிவிப்பு: முதலில் வந்த குதிரை குறுக்கே வந்து இடித்ததால் முடிவு மாற்றப்படுகிறது. என் குதிரைக்கு முதலிடம். குப்பைத் தொட்டியில் மேலாக இருந்தது யாரோ தின்ற பர்கரின் மிச்சம், கெட்சப்போடு. இருபது பவுண்டுக்காக உள்ளே கைவிட மனம் வரவில்லை. என் மனைவி அதை இன்றுவரை மறக்கவில்லை. ஓடி முடித்த ஜாக்கிகள் சேணத்தோடு தராசில் ஏறி எடை சரிபார்த்த பிறகு "வெய்டு இன்" என்று அறிவிப்பார்கள். அதுவரை சீட்டு பையிலேயே இருக்கட்டும்.

பெயர் சொல்ல விரும்பாத ஒரு அம்மா: இது சூதாட்டம்தானே? பிள்ளைகள் கண் முன்னால் செய்யலாமா?

சூதாட்டம்தான் அம்மா, வேறு பெயர் வைத்து மழுப்ப வேண்டாம். நம் ஊரிலேயே இந்த வழக்கு வெகுகாலம் நடந்தது. 1974-இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம், இது வெறும் அதிர்ஷ்டமல்ல, திறமை சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்புச் சொன்னது. 2024 செப்டம்பரில் நிலக் குத்தகையை ரத்து செய்து கிண்டி ரேஸ் மைதானத்துக்கு அரசு சீல் வைத்துவிட்டது. திறமை உண்டு, சரி. ஆனால் அந்தத் திறமை குதிரைக்கும் ஜாக்கிக்கும் பயிற்சியாளருக்கும், எனக்கு இல்லை.

எங்கள் வீட்டு வழக்கம்: நாள் முழுவதற்கும் பத்து பவுண்டு, ரொக்கமாக, ஒரு உறையில். தீர்ந்தால் தீர்ந்தது. போனில் பெட் ஆப் கிடையாது. 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெட் கட்டக்கூடாது. பிள்ளை கையில் காசைக் கொடுத்து "போய்க் கட்டிட்டு வா" என்று அனுப்புகிற வேடிக்கையும் வேண்டாம். ஒரு பைசா கட்டாமல் முழு நாளும் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம். யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. குடும்பத்தில் யாருக்காவது ஏற்கெனவே இந்தப் பழக்கம் இருந்தால், தயவுசெய்து வேறு இடத்துக்குப் போங்கள். மிருகக்காட்சி சாலை எங்கும் ஓடிப்போகாது.

கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு மாணவி: குதிரையை அடிக்கிறார்கள், விழுந்து செத்தும் போகிறதாமே?

உண்மை. சவுக்கு இப்போது மெத்தை வைத்தது. ஃபிளாட் ரேஸில் ஆறு தடவை, ஜம்பில் ஏழு தடவைக்கு மேல் போனால் ஜாக்கிக்குத் தண்டனை. வரம்புக்கு மேல் நாலு அடி கூடினால் குதிரைக்கே தகுதி போய்விடும். ஜம்ப் ரேஸில் விழுவது அதிகம். எய்ன்ட்ரியில் நடக்கும் கிராண்ட் நேஷனலில் 2024 முதல் 40-க்குப் பதில் 34 குதிரைகளைத்தான் விடுகிறார்கள். எங்காவது குதிரை விழுந்து எழாவிட்டால் பச்சைத் திரை கட்டி மறைப்பார்கள். என் மகன் ஒரு தடவை அந்தத் திரையைப் பார்த்துவிட்டு வீடு வரும்வரை பேசவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு ஃபிளாட் என்று மேலே சொன்னது அதனால்தான். இதையெல்லாம் தெரிந்துகொண்டு, நான் போகமாட்டேன் என்று நீங்கள் முடிவெடுத்தால் அதுவும் நியாயம்தான்.

உங்கள் ஊரிலிருந்து நியூமார்க்கெட் பக்கம்தான். அங்கே ஏறத்தாழ 3,000 பந்தயக் குதிரைகள் இருக்கின்றன. காலையில் போனால் வாரன் ஹில் மேட்டில் வரிசை வரிசையாகப் பயிற்சி ஓட்டம் பார்க்கலாம். டிக்கெட் கிடையாது, பெட் கிடையாது.

ஸ்லவ் தம்பி மறுபடியும்: ரேஸ் அட்டையில் குதிரைப் பெயருக்கு முன்னால் 31-0P2 என்று இருக்கிறது. போன் நம்பரா?

முந்தைய ஓட்டங்கள், தம்பி. வலது ஓரத்தில் இருப்பது கடைசியாக ஓடியது. எண் என்பது எத்தனையாவதாக வந்தது என்பது, 0 என்றால் முதல் ஒன்பதுக்குள் வரவில்லை, P என்றால் பாதியில் நிறுத்திவிட்டார்கள், F என்றால் விழுந்தது. நடுவில் உள்ள கோடு, சீசன் மாறியதற்கு. பெயர் இடைவெளியோடு சேர்த்து 18 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி; என் மாமனாரின் முழுப்பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் குதிரைக்கு வைக்க முடியாது. ஜாக்கியின் சட்டை நிறம் ஜாக்கியுடையது அல்ல, குதிரைச் சொந்தக்காரருடையது. என் சின்னவள் நிறத்தைப் பார்த்துத்தான் குதிரை தேர்ந்தெடுப்பாள். நான் அட்டையை உருப்போட்டுத் தேர்ந்தெடுப்பேன். இதுவரை கணக்கில் அவள்தான் முன்னால்.

ரெடிங் தங்கை: கடைசியாக ஒன்று அண்ணா. சின்னவன் குதிரையைத் தொட வேண்டும் என்று அழுவான். முடியுமா?

ஓடுகிற குதிரையைத் தொட விடமாட்டார்கள், வேலிக்கு மேல் கையை நீட்டவும் விடாதீர்கள், கடிக்கும், உதைக்கும். ஃபேமிலி டேயில் குட்டிக் குதிரை இருந்தால் அங்கே வரிசையில் நில்லுங்கள். மதியத்துக்கு முன்பே போய்விடுங்கள், ரேஸ் தொடங்கிவிட்டால் அந்த வரிசை அனுமார் வால்.