பூங்கா விழாவுக்கு எந்த டிக்கெட் மென்பொருள்?

கேள்வி: எங்கள் ஊர்ப் பூங்காவில் பொங்கல் விளையாட்டு விழா, சிறுவர் நீச்சல் வகுப்பு நடத்துகிறோம். ரசீதுப் புத்தகம் இனி தாங்காது. டிக்கெட் மென்பொருளில் எதைப் பார்த்து வாங்குவது?
– பூங்காக் குழுச் செயலாளர், கொழிஞ்சாம்பாறை, கேரளம்

பதில்: செயலாளர் ஐயா, முதலில் வாசலைப் பாருங்கள். கூட்டம் கூடினால் நெட் படுத்துவிடும். நெட் இல்லாமலும் க்யூஆர் ஸ்கேன் ஆகிறதா என்று, போனை ஏரோபிளேன் மோடில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு வாசல், இரண்டு போன், நெட் இல்லை என்றால் ஒரே டிக்கெட்டின் ஸ்கிரீன்ஷாட் இரண்டு பக்கமும் செல்லும். ஒரு போனில் பதிந்தது மற்றதற்குத் தெரியாதே! அதனால் வாசல் ஒன்றே போதும் என்பேன்.

அடுத்து காசு. வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐயில் வரும் பணத்துக்கு 2020 ஜனவரி முதல் வணிகர் கட்டணம் (விற்பவரிடம் வங்கி பிடிப்பது) கிடையாது. டிக்கெட் மென்பொருள் கம்பெனி பிடிப்பது அதன் சேவைக் கட்டணம். 30 ரூபாய் டிக்கெட்டில் 5 ரூபாய் போனால் ஆறில் ஒரு பங்கு போச்சு! சதவீதமா, டிக்கெட்டுக்கு இவ்வளவு என்றா, பணம் எத்தனை நாளில் உங்கள் கணக்குக்கு வரும், எல்லாம் எழுத்தில் வாங்குங்கள்.

மழை கொட்டி விழா தள்ளிப்போனால் எல்லாருக்கும் ஒரே தட்டலில் பணம் திரும்பவேண்டும். நீச்சல் வகுப்புக்குக் காத்திருப்போர் பட்டியலும் வயது வரம்பும் அவசியம். திரை தமிழிலும் மலையாளத்திலும் வரட்டும். போன் இல்லாத பாட்டிமாருக்கு வாசலில் ரொக்கம் வாங்கி அதே கணக்கில் பதிய வழி இல்லையென்றால், அந்த மென்பொருள் உங்களுக்கு வேண்டாம்.