கேமராவும் கையுமாக: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சாயங்காலத்தில் கொக்குகளைச் சில்லவுட்டாக, அதாவது வெளிச்ச வானத்தின் முன் வெறும் கறுப்பு உருவமாக, எடுக்கப் பார்க்கிறேன். வானம் வெளிறிப்போகிறது. பறவையோ கறுப்பாகவும் இல்லை, தெளிவாகவும் இல்லை. அழுக்குச் சாம்பலாக வருகிறது. என் கேமரா பழசு என்பதாலா?

பதில்: பாவம், கேமராவைத் திட்டாதீர்கள். இருட்டான பொருளைக் கண்டால் அதை நடுத்தர வெளிச்சத்துக்குத் தூக்கிவிடுவது ஆட்டோவின் சுபாவம். அதிலும் பல கேமராக்கள் ஃபோகஸ் புள்ளி இருக்கும் இடத்துக்கே அதிக மதிப்புக் கொடுத்து வெளிச்சத்தை அளக்கும். நீங்கள் புள்ளியைக் கொக்கின் மேல் வைக்கிறீர்கள்; அது கொக்கைக் காப்பாற்றப்போய் வானத்தைக் கெடுக்கிறது.

மேனுவலுக்கு மாறுங்கள். சூரியனை விட்டுத் தள்ளி, நிறம் நன்றாக இருக்கும் வானத்தை அளந்து, அதைவிட ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சத்தைப் பாதியாக) குறைத்து வையுங்கள். இனி எந்தப் பறவை குறுக்கே வந்தாலும் வெளிச்ச அளவு மாறாது. ஆனால் வெளிச்சம் மளமளவென்று இறங்கும் நேரம் அது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மறுபடி அளக்க வேண்டும். படத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் ஆரஞ்சு நிறம் வெளுத்துவிடலாம், ‘க்ளவுடி’யில் வையுங்கள்.

அப்புறம் ஷட்டர் வேகம். ஐஎஸ்ஓ என்னும் ஒளி உணர்திறனை ஏற்றினால் படம் புள்ளி புள்ளியாகும் என்று பயந்து பலரும் இதில் கோட்டைவிடுகிறார்கள். சில்லவுட்டில் இறகு இல்லை, கண் இல்லை, ஓரக்கோடு ஒன்றுதான் படம். அந்தக் கோடு ஆடிப்போனால் மிச்சம் என்ன இருக்கிறது? உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/250 நொடி, பறப்பதற்கு 1/1000 நொடி வையுங்கள். அதற்காக ஐஎஸ்ஓ 1600, 3200 வரை போனாலும் பரவாயில்லை. கறுப்புக்குள் அந்தப் புள்ளிகள் தெரியாது. வானத்தில் தெரிவதை மென்பொருளில் சுலபமாகத் துடைத்துவிடலாம். இருட்டாக எடுத்துவிட்டு வீட்டில் வந்து வெளிச்சம் ஏற்றினால்தான் வானம் மணல் கொட்டியதுபோல் ஆகும்.

கேள்வி: அரை இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கிறதே?

பதில்: கறுப்பின் நடுவில் அதற்குப் பிடிமானம் இல்லை. அலகோ கழுத்தோ வானத்தைச் சந்திக்கும் விளிம்பில் ஃபோகஸ் புள்ளியை வையுங்கள். கிளையில் அமர்ந்த பறவை என்றால் ஒருமுறை பிடித்ததும் மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

கேள்வி: எந்தப் பறவைகள் இதற்குத் தோது? வெள்ளைக் கொக்கு கறுப்பாக விழுமா?

பதில்: விழும். வெளிச்சம் அதன் முதுகுப்பக்கம்தானே இருக்கிறது. சிறகை விரித்தால் மட்டும் இறகு வழியாக ஒளி கசிந்து ஓரம் பொன்னிறமாகும். அதையும் கறுப்பாக்கிவிட வேண்டாம், எனக்கு அந்தக் கசிவுதான் பிடிக்கும்.

எந்தப் பறவைகள் தோது என்ற கேள்விக்கு வருகிறேன். அரிவாள் மூக்கனின் வளைந்த அலகு, கரிச்சானின் பிளந்த வால், சிறகை விரித்துக் காயவைக்கும் பாம்புத்தாரா, இவையெல்லாம் பெயர்ப்பலகையோடு வருகின்றன. நேருக்கு நேர் பார்த்து நிற்கும் வாத்து வெறும் கட்டி. எந்தப் பறவையானாலும் பக்கவாட்டில் திரும்பும்வரை பொறுங்கள். கால்களுக்கு நடுவே வானம் தெரிகிறதா, அலகு நாணலோடு ஒட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பறக்கும்போது கொக்கு கழுத்தை மடக்கிக்கொள்ளும், அரிவாள் மூக்கன் நீட்டிக்கொள்ளும். நிறமே தெரியாத வெளிச்சத்திலும் ஆளை அடையாளம் காட்டுவது அதுதான். கூட்டத்தை எடுக்கும்போது இரண்டு ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் நாலு சிறகுள்ள விநோதப் பிராணி கிடைக்கும். தொடர்ச்சியாகச் சுட்டுத் தள்ளுங்கள், பிரிந்து நிற்கும் படம் ஒன்றாவது தேறும்.

கேள்வி: என்னிடம் மொபைல் மட்டும்தான் இருக்கிறது.

பதில்: ஹெச்டிஆரையும் நைட் மோடையும் அணைத்துவிடுங்கள். முன்னது நிழலை வெளுப்பாக்கும். பின்னது பல படங்களை ஒன்றாக்குவதால் பறக்கும் பறவை ஆவிபோல் கலையும். வானத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். பறவை சிறிதாகத்தான் விழும், எனவே பெரிய மரத்தையும் அதன் மேல் இறங்கும் கூட்டத்தையும் சேர்த்து எடுங்கள்.

கேள்வி: சூரிய வட்டத்துக்குள் பறவை வர வேண்டும் என்று ஆசை.

பதில்: ஆசை சரி, கண் முக்கியம். டெலி லென்ஸ் போட்ட டிஎஸ்எல்ஆரின் வியூஃபைண்டர் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது, விழித்திரை பொசுங்கிவிடும். திரையில் பார்த்தாலும் லென்ஸைச் சூரியனை நோக்கி வைத்தபடியே விட்டால் சென்சார் பாழாகலாம். சூரியன் இறங்கிய பிறகு வரும் செவ்வானமே போதும் என்பது என் கட்சி.

கேள்வி: கைதட்டிக் கூட்டத்தை எழுப்பினால் நல்ல படம் கிடைக்கும் என்கிறான் நண்பன்.

பதில்: கிடைக்காது, மிரண்ட கூட்டம் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் போகும். இருட்டும் நேரத்தில் அடையவந்த பறவைகளை விரட்டுவது அநியாயமும்கூட. அடையும் மரத்துக்கு அவை எந்தத் திசையிலிருந்து வருகின்றன என்று ஒரு சாயங்காலம் கேமரா இல்லாமல் கவனியுங்கள். மறுநாள் அந்த வழிக்குப் பக்கவாட்டில், செவ்வானம் பறவைகளுக்குப் பின்னால் இருக்கும்படி, முன்கூட்டியே போய் நின்றுகொள்ளுங்கள்.