கைக்கடக்கமான பைனாகுலர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சட்டைப்பையில் அடங்கும் பைனாகுலர்களில் 8×21, 8×25, 10×25 என்று மூன்று வகை பார்த்தேன். எதை வாங்கலாம்? (காரைக்குடி)

பதில்: 8×25. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது; இரண்டாவது எண் முன் லென்ஸின் குறுக்களவு, மில்லிமீட்டரில். 21 மில்லிமீட்டர் லென்ஸில் எடை சற்றுக் குறையும் என்பதைத் தவிர ஆதாயம் இல்லை. பத்து மடங்கு உருவத்தோடு கை நடுக்கத்தையும் பெரிதாக்கி, பார்வைப் பரப்பையும் வெளிச்சத்தையும் குறைத்துவிடும். கையில் பிடித்துப் பார்ப்பதற்கு எட்டு மடங்கு போதும் என்று இப்பகுதியில் பலமுறை எழுதிவிட்டேன். கண்ணில் வைத்துப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நல்ல பைனாகுலர் ஒன்று சொல்லவும். (ஊர் குறிப்பிடவில்லை)

பதில்: எதைப் பார்க்க, எவ்வளவு செலவில், மூக்குக்கண்ணாடி உண்டா இல்லையா என்று மூன்று வரி சேர்த்து எழுதுங்கள், சொல்கிறேன்.

கேள்வி: திருவிழாக் கடையில் ‘100×22’ என்று அச்சிட்ட சிறிய பைனாகுலரை மலிவாக வாங்கினேன். இரவிலும் தெரியும் என்றார்கள். இதில் எவ்வளவு தூரம் தெரியும்? (தேவகோட்டை)

பதில்: ‘எவ்வளவு தூரம் தெரியும்’ என்ற கேள்வியைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நிலவு வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. ஆகவே தூரத்தை வைத்துப் பைனாகுலரின் தகுதியைச் சொல்ல முடியாது. எட்டு மடங்கு என்றால் 80 மீட்டர் தள்ளி நிற்கும் நாரை 10 மீட்டரில் நிற்பதுபோல் தெரியும், அவ்வளவுதான். நூறு மடங்கும் 22 மில்லிமீட்டர் லென்ஸும் ஒன்று சேர்ந்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் குறுக்களவு 0.22 மில்லிமீட்டர்தான். நல்ல பகல் வெளிச்சத்திலேயே நம் கண்மணி 2, 3 மில்லிமீட்டர் திறந்திருப்பதால், அப்படி ஒன்றை உண்மையிலேயே செய்தால் அதில் மங்கலான இருட்டுதான் மிஞ்சும்.

உங்களிடம் இருப்பது பெரும்பாலும் எட்டு அல்லது பத்து மடங்குக் கருவியாகவே இருக்கும். கையை நீட்டிப் பிடித்து, வெளிச்சமான வானத்தை நோக்கி வைத்துக்கொண்டு, கண் வைக்கும் பக்கத்து லென்ஸைத் தள்ளியிருந்தே பாருங்கள். நடுவில் ஒளி வட்டம் ஒன்று தெரியும். அதன் குறுக்களவை அடிக்கோலால் அளந்து, முன் லென்ஸின் குறுக்களவை அதனால் வகுத்தால் உண்மையான மடங்கு ஏறத்தாழக் கிடைத்துவிடும். அந்த வட்டம் ஓரங்கள் வெட்டுண்டு, சாம்பல் நிழலோடு சதுரம்போல் தெரிந்தால் உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டியான பிரிசமும் மட்டமானதே. முன் லென்ஸ் மாணிக்கச் சிவப்பாக மின்னுவதைப் பார்த்து மயங்கியிருந்தால், அந்தப் பூச்சு சிவப்பொளியைத் திருப்பி அனுப்பிப் படத்தைப் பச்சையும் நீலமுமாகக் காட்டுமே தவிர, இரவில் பார்க்க எவ்வகையிலும் உதவாது. அடுத்த முறையாவது எட்டு மடங்கோடு நில்லுங்கள். கண்ணில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமல் பார்க்க முடியுமா? (பள்ளத்தூர்)

பதில்: கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடையே விடவேண்டிய தூரம் 15 மில்லிமீட்டராவது இருக்கும் கருவியாகத் தேர்ந்தெடுத்து, ரப்பர் வளையத்தைக் கீழே இறக்கிவிட்டுப் பாருங்கள். சிறிய பைனாகுலர்கள் பலவற்றில் இந்த இடைவெளி போதாததால், படத்தின் நடுப்பகுதி மட்டுமே தெரியும்.

கேள்வி: எங்கள் ஐயா பர்மாவில் இருந்த காலத்தில் வாங்கிய பித்தளைப் பைனாகுலர் ஒன்று இரட்டைக்கட்டு வீட்டு அலமாரியில் கிடைத்தது. முகப்பின் உச்சியில் இருக்கும் சுதைச் சிற்பங்களைப் பார்க்க இது உதவுமா? (கானாடுகாத்தான்)

பதில்: குழாய்கள் வளைவின்றி நேராக இருந்து, கண் பக்கத்து லென்ஸ் குழிந்திருந்தால், அது பிரிசம் இல்லாத பழைய கலிலியோ வகை; மூன்று, நான்கு மடங்குக்கு மேல் காட்டாது, பார்வைப் பரப்பும் குறுகல். கஜலட்சுமியின் முகத்தையும் யானைகளின் துதிக்கையையும் சுமாராகக் காட்டும். பூச்சு வேலையின் நுணுக்கம் வேண்டுமானால் 8×25 வாங்குங்கள். பழையதைப் பாலிஷ் போடாமல், எவரிடமும் விற்காமல் வைத்திருங்கள்.

கேள்வி: வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு மாலை நேரத்தில் போகிறோம். ஐந்தரை மணிக்கு மேல் என் 10×25 மங்கிவிடுகிறது. பழுதா? (திருப்பத்தூர்)

பதில்: பழுதன்று. 25ஐப் பத்தால் வகுத்தால் ஒளிக்கற்றை 2.5 மில்லிமீட்டர்தான்; அந்தி வேளையில் கண்மணி அதைவிட அகலமாக விரிவதால் படம் மங்குகிறது. கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாயின் கருவேல மரங்களில் நாரைகள் அடையும் நேரத்தில்தான் உங்களுக்கு வேலை என்றால், சட்டைப்பை ஆசையை விட்டுவிட்டு 8×32 வாங்குங்கள். எடை அரைக்கிலோவை ஒட்டி வந்தாலும் ஒளி ஒன்றரை மடங்குக்கு மேல் கிடைக்கும். மேற்கே பார்க்கும்போது சூரியன் முழுதும் மறையும்வரை பைனாகுலரை அந்தப் பக்கம் திருப்பவே கூடாது, பார்வையே போய்விடும். அந்த ஊர் மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிக்காமல் இருப்பவர்கள் என்பதால், நீங்களும் கரையிலேயே அமைதியாக நின்று பாருங்கள்.

கேள்வி: லென்ஸை வேட்டி நுனியால் துடைக்கலாமா? (புதுவயல்)

பதில்: கூடாது. முதலில் ஊதுபந்தால் புழுதியை ஊதிவிட்டு, பிறகு லென்ஸ் துணியால் மெல்லத் துடையுங்கள்.