தில்லிக்கு வரும் அம்மாவும் மருத்துவமனைத் தளங்களும்: ஒரு தம்பியின் கேள்விக்குப் பதில்

தம்பி, சர்க்கரையும் சிறுநீரகத் தொந்தரவும் உள்ள அம்மாவை மதுரையிலிருந்து தில்லிக்கு அழைத்து வரப்போவதாக எழுதியிருந்தீர்கள். இங்குள்ள பெரிய மருத்துவமனைகளில் இணையத்தில் பதிவு செய்தால்தான் பார்ப்பார்களா, இந்தி தெரியாத அம்மாவுக்கு அந்தத் தளங்களால் ஏதேனும் பயன் உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். பயன் நிச்சயமாக உண்டு. ஆனால் அது முன்பதிவோடு முடிந்துவிடக் கூடாது. தன் உடம்பைப் பற்றிய தாள்களும் எண்களும் அம்மாவின் கையிலேயே இருப்பதற்கு அந்தத் தளங்கள் உதவினால்தான் அவற்றால் உண்மையான பலன் என்பது, பல ஆண்டுகளாக இங்கே வாழ்ந்துவரும் என் கருத்து.

முன்பதிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எய்ம்ஸ், சஃப்தர்ஜங், ராம் மனோகர் லோகியா போன்ற அரசு மருத்துவமனைகளுக்கு ஓ.ஆர்.எஸ். என்னும் மத்திய அரசின் பதிவுத் தளம் 2015 முதல் இருக்கிறது. துறையையும் நாளையும் அதில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நேரில் வருபவர்களுக்கும் கவுன்ட்டர் உண்டு. ஆனாலும் முடியாத உடம்போடு அம்மா விடியற்காலையில் வரிசையில் நிற்பதைத் தவிர்க்க முடியும் என்றால் தவிர்ப்பதே நல்லது. முதல் முறை கிடைக்கும் நோயாளி எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பதிந்தால் அம்மாவின் பரிசோதனை முடிவுகள் இரண்டு மூன்று எண்களின் கீழ்ச் சிதறிவிடும். மருத்துவர் திரையில் பார்க்கும்போது பாதி வரலாறு காணாமல் போயிருக்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. நமக்குத் தலைப்பெழுத்தும் பெயரும்தான். இங்குள்ள படிவங்களோ குடும்பப் பெயரைக் கேட்கும். ஓரிடத்தில் தலைப்பெழுத்து முன்னால், இன்னோரிடத்தில் பின்னால், வேறோரிடத்தில் கணவர் பெயரே குடும்பப் பெயராக என்று பதிவானால், அவை எல்லாம் ஒரே ஆளுடையவை என்று எந்தக் கணினிக்கும் தெரியாது. ஆதாரில் எப்படி இருக்கிறதோ, எழுத்து மாறாமல் அப்படியே எல்லா இடத்திலும் கொடுங்கள். லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் 2022இல் தொடங்கிப் பல மருத்துவமனைகளுக்குப் பரவிய கியூ.ஆர். முறை இதற்கு நன்றாக உதவுகிறது. நுழைவிடத்தில் ஒட்டியிருக்கும் குறியீட்டைத் தொலைபேசியால் படம்பிடித்தால் பெயர், வயது, முகவரி எல்லாம் தாமாகவே பதிவேட்டுக்குச் சென்று டோக்கன் வந்துவிடும். இந்தியில் சொல்லி, அவர்கள் கேட்டுத் தவறாக எழுதிக்கொள்ளும் இடமே அங்கு இல்லை.

அதற்கு ஆபா எண் வேண்டும். 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்ட டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்தின் 14 இலக்க எண் அது. பலர் இதை ஆயுஷ்மான் காப்பீட்டு அட்டை என்று எண்ணிவிடுகிறார்கள். காப்பீடு வேறு, இது வேறு. அம்மாவுக்கு 70 வயது நிறைந்திருந்தால் அந்த அட்டைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆபா என்பது பல மருத்துவமனைகளில் இருக்கும் அவருடைய ஆவணங்களைக் கோக்கும் நூல் மட்டுமே. ஆவணங்கள் அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும். இன்னொரு மருத்துவர் பார்க்க விரும்பினால் நோயாளிக்குக் கோரிக்கை வரும். யார் கேட்கிறார், எந்த ஆவணங்கள், எந்த நாள் வரை என்பதெல்லாம் அதில் இருக்கும். சம்மதிக்கலாம், மறுக்கலாம், கொடுத்த சம்மதத்தைப் பிறகு திரும்பப் பெறவும் செய்யலாம்.

இங்கேதான் உங்களிடம் ஒன்றை வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலும் பெற்றோருடைய கணக்கு பிள்ளையின் தொலைபேசியில்தான் இருக்கிறது. ஓ.டி.பி. பிள்ளைக்கு வருகிறது, பரிசோதனை முடிவைப் பிள்ளை படிக்கிறார், சம்மதத்தையும் அவரே கொடுத்துவிடுகிறார். அம்மாவிடம் "ஒன்றும் இல்லை, எல்லாம் சரியாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லப்படுகிறது. அன்பினால் செய்வதுதான். ஆனால் மாத்திரையை விழுங்குபவரும் உப்பைக் குறைக்க வேண்டியவரும் அம்மாதான். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை எண்ணான கிரியாட்டினின் தனக்கு எவ்வளவு, போன முறையைவிட ஏறியிருக்கிறதா என்பது தெரியாதவரிடம் உணவுக் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஆதாரில் அவருடைய சொந்தக் கைபேசி எண் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். திரையில் அவர் தொட வேண்டிய இடத்தை நீங்கள் காட்டுங்கள். தொடுவது அவர் விரலாக இருக்கட்டும். கோரிக்கை வந்தால் தமிழில் படித்துச் சொல்லி, "கொடுக்கலாமா அம்மா?" என்று கேளுங்கள்.

பரிசோதனை முடிவுகள் மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே தளத்தில் வந்துவிடும். வரம்பை மீறிய எண் தடித்தோ சிவந்தோ தெரியும்போது வீட்டில் கலவரம் ஏற்படுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நீண்ட நாள் நோயாளிக்கு ஒரு நாளின் எண்ணைவிட அது போகும் திசைதான் முக்கியம். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான ஹெச்பிஏ1சி, கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், இரத்த அழுத்தம் ஆகியவற்றைத் தேதியோடு ஒரு நோட்டில் அம்மாவையே தமிழில் எழுதச் சொல்லுங்கள். அதன் அடியில் அவர் கேட்க விரும்பும் இரண்டு மூன்று கேள்விகளும் இருக்கட்டும். கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் மருத்துவர் ஒதுக்கும் சில நிமிடங்களில், நீங்கள் மொழிபெயர்க்க வேண்டியது அந்தக் கேள்விகளைத்தான்.

மதுரையில் எடுத்த பழைய தாள்கள் தாமாக ஆபாவில் வந்து சேராது. அந்த மருத்துவமனை இத்திட்டத்தில் சேர்ந்து, அம்மாவின் எண்ணோடு ஆவணத்தை இணைத்திருந்தால்தான் வரும். மற்றவற்றைத் தெளிவாகப் படமெடுத்து, ஆவணங்களைச் சேமித்துவைக்கும் அரசுச் செயலியான டிஜிலாக்கரில் ஏற்றிவையுங்கள். மூலத் தாள்களையும் ஒரு கோப்பில் கொண்டுவாருங்கள். 2022 நவம்பரில் இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது எய்ம்ஸ் மருத்துவமனையே பல நாள்கள் கையெழுத்துப் பதிவேட்டில் இயங்கியது. அப்படிப்பட்ட நாளில் கையிலிருக்கும் தாள்தான் பேசும்.

ஊர் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்த காலத்து ஆவணங்கள் உங்களிடம் இல்லையென்றால், புறப்படும் முன் அம்மாவின் கையெழுத்தோடு எழுத்து மூலமாகக் கேளுங்கள். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் அவற்றைக் கொடுக்க வேண்டும். உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வரை வைத்திருக்க வேண்டும் என்றுதான் அதே விதிகள் சொல்கின்றன. ஆகவே இதைத் தள்ளிப்போடாதீர்கள்.