வீட்டு நாயே சிகிச்சைக்குப் போதுமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். யாரிடமும் பேசாமல் ஒதுங்கும் மகனுக்கு வீட்டு நாயே சிகிச்சை ஆகுமா?

துணை ஆகும், சிகிச்சை ஆகாது. அமெரிக்க உளவியலாளர் போரிஸ் லெவின்சனிடம் வந்த ஒதுங்கிய சிறுவன், முதலில் அவருடைய நாய் ஜிங்கிள்ஸோடுதான் பழகினான், அப்புறம்தான் அவரோடு. 1962-இல் இதைப் பற்றி அவர் எழுதினார். நாய் கேள்வி கேட்காது, திருத்தாது; பிள்ளைக்குப் பதற்றம் குறையும். மீதி வேலை ஆலோசகருடையது.

சிகிச்சைக்கான நாயை, யார் தொட்டாலும் மிரளாத குணம் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். லயத்து வீடுகளுக்குக் காவல் இருக்கும் நம் நாயோ மோட்டார் சத்தம் கேட்டாலே பாயும்! கிளினிக்குக்குக் கூட்டிப் போகாதீர்கள், மதக் காரணத்தால் நாயைத் தொடத் தயங்கும் மலாய்க் குடும்பங்களும் அங்கே வருவார்கள், அவர்களுக்கும் சங்கடம்.

முதலில் அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரைப் பார்த்து, பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தால், சரி, மாலையில் மகன் அதற்குக் கதை வாசிக்கட்டும். நீங்கள் பக்கத்திலேயே இருங்கள்.