தண்ணீருக்குள் மின்வில்: நானோ துகள் கேள்வி பதில்

ஐயா, நீருக்குள் மின்சாரம் பாய்ச்சினால் தங்கம் எப்படித் துகளாகிறது? (வேதியியல் மாணவி)

இரண்டு தங்கக் கம்பிகளைத் தூய நீரில் அமிழ்த்தி, முனைகளைத் தொடவைத்து மெல்ல விலக்கினால் இடையில் மின்வில், அதாவது விடாமல் எரியும் மின்பொறி, மூளும். அங்கே வெப்பம் பல ஆயிரம் டிகிரி. முனையிலுள்ள தங்கம் ஆவியாகிறது. சுற்றிலும் குளிர்ந்த நீர். அணுக்கள் கூடிப் பெரிதாக அவகாசம் இல்லாததால், நானோமீட்டர் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) அளவிலேயே உறைந்துவிடுகின்றன. முனையிலிருந்து கருமையான புகை நீரில் பரவுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வேதி முறையில் தங்க உப்பைத் தங்கமாக மாற்றும் சோடியம் சிட்ரேட் போன்ற ஒடுக்கி எதுவும் இங்கே தேவையில்லை. இந்த முறையை நான் விரும்புவதற்கு அந்தத் தூய்மைதான் காரணம்.

இது புதிய தொழில்நுட்பமா?

இல்லை. 1898இல் ஜெர்மானிய வேதியியலர் கியோர்க் பிரெடிக் செய்து காட்டியது. யூதப் பின்னணி கொண்டவர் என்பதால் 1933இல் நாஜி ஆட்சி அவரைப் பேராசிரியர் பதவியிலிருந்து விலக்கியது. நாட்டை விட்டு வெளியேறி, 1944இல் நியூயார்க்கில் இறந்தார். பாடநூல்களில் ஒரு வரியோடு அவரைக் கடந்துவிடுகிறோம் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். இப்படி நுண்துகள்கள் மிதக்கும் கலவைகளைக் கூழ்மம் என்போம்; கூழ்ம ஆய்வுகளுக்காக 1926இல் நோபல் பரிசு பெற்ற ஸ்வெட்பெரியும் மின்பொறி முறையை மேம்படுத்தியவரே.

எங்கள் தங்கக் கரைசல் சிவப்பாக இருந்தது, பிறகு நீலமாகிவிட்டதே?

துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தனித்தனியாக மிதக்கும் சிறு தங்கத் துகள்கள் 520 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சுவதால் சிவப்பு, திரண்டால் நீலம். அவற்றை விலக்கி வைப்பது மேற்பரப்பிலுள்ள மின்னூட்டம்தான். ஒரு சிட்டிகை உப்பு விழுந்தாலும் அந்த விலக்கம் போய்விடும். குடுவையைக் குழாய் நீரில் கழுவினீர்களா என்று முதலில் பாருங்கள். காய்ச்சி வடித்த நீரில் மிகச் சிறிதளவு காரம் சேர்ப்பது பிரெடிக் காலத்து வழக்கம், இன்றும் பயன்படும்.

தாமிரத்திலும் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் நீரில் ஆக்சைடு கலந்துவிடும்.

கிராஃபைட்?

2001இல் நீருக்குள் கிராஃபைட் மின்முனைகளிடையே ஏறத்தாழ 17 வோல்ட், 30 ஆம்பியரில் மின்வில் மூட்டி, வெங்காயம்போல் அடுக்கடுக்கான கார்பன் துகள்களை எடுத்தார்கள். விலையுயர்ந்த வெற்றிடக் கருவி தேவைப்படவில்லை. அந்தத் துகள்கள் நீர்ப்பரப்பில் மிதந்தன, மற்றவை அடியில் தங்கின. பிரிக்கும் வேலையில் பாதியை நீரே செய்துவிட்டது!

குறை எதுவும் இல்லையா?

உண்டு. அளவு சீராக வராது, விளைச்சலும் குறைவு. ஒரே அளவுத் துகள்தான் வேண்டுமென்றால் வேதி முறைக்கே செல்லுங்கள்.

வீட்டில் செய்து பார்க்கலாமா, ஐயா? (பாலிடெக்னிக் மாணவர்)

வேண்டாம், தம்பி. ஈரமும் மின்சாரமும் சேருமிடம். ஹைட்ரஜன் வாயு வெளியாகும், புறஊதாக் கதிர் கண்ணைச் சுடும். கல்லூரி ஆய்வகத்தில், ஆசிரியர் உடனிருக்க, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து செய்யுங்கள்.